பிள்ளையின் திறமைக்கு யார் பணம் கொடுக்க வேண்டும்?

சனிக்கிழமை மாலை. பேரங்காடியில் கூட்டம் அலைமோதுகிறது. அப்பா, அம்மா, இருவர் கையையும் பிடித்தபடி ஆறு வயது மகள். நடைபாதை ஓரம் மேசை போட்டிருக்கும் ஒரு பெண் சிரித்த முகத்தோடு எதிரே வருகிறார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. கையில் அழகழகான குழந்தைகளின் படத்தொகுப்பு.

"அக்கா, உங்கள் மகளுக்கு எவ்வளவு லட்சணமான முகம்! இதுவரை எந்த விளம்பரத்திலும் நடிக்க வைக்கவில்லையா? பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் எழுதிக் கொடுங்கள். கட்டணம் ஒன்றும் இல்லை."

திங்கட்கிழமை தொலைபேசி அழைக்கிறது. மகளை நேரில் பார்க்க வேண்டுமாம். தாய், தந்தை இருவரும் கட்டாயம் வரவேண்டுமாம். குளிரூட்டிய அலுவலகம், சுவரெல்லாம் படங்கள். பிள்ளை ஒரு பாட்டுப் பாடுகிறாள்; இரண்டு வரி வசனம் பேசுகிறாள். எதிரே அமர்ந்திருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். "இன்று வந்த பிள்ளைகளில் மிகச் சிலரைத்தான் எடுத்திருக்கிறோம். அதில் நீயும் ஒருத்தி, கண்ணு" என்று பிள்ளையின் கன்னத்தைத் தட்டுகிறார்கள்.

அதன் பிறகுதான் ஒரு தாள் மேசைக்கு வருகிறது. பதிவுக் கட்டணம், படமெடுப்புக் கட்டணம், இணையப் பக்கக் கட்டணம், மூன்று மாதப் பயிற்சிக் கட்டணம். முழுப் பணமும் இன்று வேண்டாம், முன்பணம் போதும். ஆனால் அதை இன்றே கட்டிவிட வேண்டும். நாளை வந்தால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடுமாம்.

அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அம்மா மகளைப் பார்க்கிறார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

இது ஏதோ ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. ஊர் மாறும், மொழி மாறும், கட்டணம் மாறும். காட்சி மட்டும் நாட்டுக்கு நாடு ஏறக்குறைய இப்படியேதான் இருக்கிறது.

பேராசை அல்ல, பாசம்

இப்படி ஏமாந்த பெற்றோரைப் பற்றிக் கேள்விப்பட்டதும், 'பேராசை, அதனால்தான் பணத்தை விட்டார்கள்' என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். அது முழு உண்மையல்ல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன் பிள்ளை அழகு, தன் பிள்ளை கெட்டிக்காரி என்று ஒரு தாய் நினைப்பது பேராசையாகாது. அப்படி நினைக்காத தாய்தான் அபூர்வம்.

மேசைக்கு மறுபுறம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் விலையைச் சொல்வதற்கு முன்பே பிள்ளையிடம் 'நீ தேர்வாகிவிட்டாய்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அப்பா 'வேண்டாம்' என்றால், பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? 'அந்த அங்கிள் என்னைத் தேர்ந்தெடுத்தார், அப்பா தடுத்துவிட்டார்' என்றுதான் விழும். பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் பணத்தை எடுத்து வைக்கிறார்கள் பெற்றோர். அவர்கள் கையெழுத்திடுவது நடிப்பு வாய்ப்புக்காக மட்டுமல்ல. பிள்ளையிடம் 'இல்லை' என்று சொல்லும் சங்கடத்திலிருந்து தப்பிப்பதற்கும் சேர்த்துத்தான்.

தாய், தந்தை இருவரும் வரவேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. ஒருவர் மட்டும் வந்தால், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று நழுவிவிடலாம். இருவரும் வந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

உண்மையையும் போலியையும் பிரித்தறியப் பெரிய படிப்பு தேவையில்லை. பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தாலே போதும்.

பால்மாவு விற்கும் நிறுவனத்துக்கு ஒரு குழந்தை முகம் தேவைப்படுகிறது. அது விளம்பர நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. விளம்பர நிறுவனம் பொருத்தமான பிள்ளையைத் தேடி முகவரை நாடுகிறது. பிள்ளை நடிக்கிறது, ஊதியம் வருகிறது. அந்த ஊதியத்திலிருந்து முகவர் தம் தரகுத் தொகையை எடுத்துக்கொள்கிறார். அமெரிக்கத் திரைத் துறையில், நடிகர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர் எடுக்கக்கூடிய தரகு 10 விழுக்காடு. பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டால் முகவருக்கும் வருமானம் கிடையாது. எனவே வேலை தேடிக் கொடுக்க அவர் பாடுபடுவார். வேலை கிடைக்க வாய்ப்பில்லாத பிள்ளையை, 'இப்போது வேண்டாம்' என்று முதலிலேயே திருப்பி அனுப்பியும் விடுவார்.

பெற்றோரிடம் முன்கூட்டியே கட்டணம் வாங்குபவரின் கணக்கு வேறு. பணம் பெட்டிக்குள் போனதுமே அவருடைய வியாபாரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? அவரிடம் வந்த எந்தப் பிள்ளையும் 'தேர்வாகாமல்' போவதில்லை. திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பிள்ளையும் அவருக்கு நஷ்டம். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை தேடி வந்த கலைஞர் அல்ல, பெற்றோரை அழைத்து வந்த தூண்டில்.

படத்தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். வளர்ந்தவரின் முகம் ஓரிரு ஆண்டுகளில் பெரிதாக மாறாது. பிள்ளையின் முகம் சில மாதங்களிலேயே மாறிவிடும். பால்பல் விழும், உயரம் கூடும், கன்னம் வற்றும். இன்று பெரும் பணம் கொடுத்து எடுத்த படம் அடுத்த தீபாவளிக்கு உதவாது. சிறுபிள்ளைகளைத் தேடும் உண்மையான முகவருக்கு, வீட்டில் சன்னல் வெளிச்சத்தில் எடுத்த தெளிவான நான்கு படங்களே தொடக்கத்துக்குப் போதும். 'எங்கள் படக்காரரிடம்தான் எடுக்க வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது படம்; வாய்ப்பு அல்ல.

ஹாலிவுட் கற்ற இரண்டு பாடங்கள்

உலகத்தின் சினிமாத் தலைநகரம் எனப்படும் ஹாலிவுட், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. பிள்ளை நட்சத்திரக் கனவோடு வரும் குடும்பங்களை அந்த மாநிலம் நூறாண்டுகளாகப் பார்த்து வருகிறது. அது கற்ற பாடங்கள் நமக்கும் உதவும்.

1921-இல் சார்லி சாப்ளினின் 'தி கிட்' படம் வெளிவந்தது. அதில் சாப்ளினுடன் நடித்த சிறுவன் ஜாக்கி கூகனை உலகமே கொண்டாடியது. பிள்ளைப் பருவத்தில் அவன் சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்பார்கள். வளர்ந்து ஆளானபின் தன் பணத்தைக் கேட்டபோது கொடுக்க மறுத்தவர்கள் வேறு யாருமல்ல, பெற்ற தாயும் மாற்றாந்தந்தையும்தான். பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பது அன்றைய சட்டம். 1938-இல் அவர் வழக்குத் தொடுத்தார். கடைசியில் அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய 1,26,000 டாலர் மட்டுமே. ஊரே கொதித்ததால் 1939-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. இன்றும் அதைக் 'கூகன் சட்டம்' என்றே அழைக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, நடிக்கும் பிள்ளையின் சம்பாத்தியம் பிள்ளைக்கே சொந்தம். அதில் 15 விழுக்காட்டை முதலாளி நேரடியாகப் பிள்ளையின் பெயரிலுள்ள அறக்கட்டளைக் கணக்கில் செலுத்திவிட வேண்டும்.

இது முதல் பாடம். பிள்ளையின் ஊதியத்தைப் பெற்றோரிடமிருந்து காத்தது அந்தச் சட்டம். சரியாக 70 ஆண்டுகள் கழித்து, பெற்றோரின் பணப்பையைக் கனவு வியாபாரிகளிடமிருந்து காக்க இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

2009-இல் பால் கிரிகோரியன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திறமை மோசடித் தடுப்புச் சட்டம் அது. 2010 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் எவரும் முன்கூட்டியே கட்டணம் வாங்கக்கூடாது என்பது அதன் சாரம். பதிவுக்கும் கூடாது, படத்துக்கும் கூடாது, இணையப் பக்கத்துக்கும் கூடாது. நடிப்புப் பயிற்சி அளிப்போர் கட்டணம் வாங்கலாம். ஆனால் 50,000 டாலர் பிணைத்தொகை கட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்டவர் மனம் மாறினால் 10 வேலை நாள்களுக்குள் ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம்.

இந்தச் சட்டம் ஏட்டோடு நிற்கவில்லை. நடிப்புப் பட்டறை என்ற பெயரில், நடிகர்களைத் தேர்வுசெய்வோர் முன்னிலையில் நடித்துக் காட்டுவதற்குக் கட்டணம் வாங்கியதாக, ஐந்து பட்டறைகளோடு தொடர்புடைய 25 பேர்மீது 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர அரசு வழக்குரைஞர் குற்றம் சாட்டினார். வேலைக்கான தேர்வில் கலந்துகொள்ளக் காசு கேட்பதே அங்கே சட்டவிரோதம்.

இன்னொன்றும் செய்தார்கள். பிள்ளை நடிகர்களுக்குப் பயிற்சியளிப்போர், படமெடுப்போர், அவர்களின் தொழிலை நிர்வகிப்போர் கைரேகைச் சோதனைக்கு உட்பட்டு அனுமதி பெறவேண்டும் என்று 2012-இல் சட்டம் இயற்றினார்கள். பெற்றோரின் கனவு, பிள்ளைக்கு அருகில் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த அச்சம் பணத்தைப் பற்றியது அல்ல.

கைத்தொலைபேசிக்குள் வந்த மேசை

பேரங்காடியில் போட்ட மேசை இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. 'குழந்தை மாடல்கள் தேவை. 2 வயது முதல் 15 வயது வரை. அனுபவம் தேவையில்லை' என்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் வருகிறது. பெயர் பெற்ற உடை நிறுவனங்களின் சின்னத்தைத் திருடி ஒட்டியிருப்பார்கள். சிங்கப்பூர்க் காவல்துறை அண்மை ஆண்டுகளில் இத்தகைய விளம்பரங்களைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

இங்கே பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. பிள்ளையின் படத்தையும் வயதையும் அனுப்பச் சொல்வார்கள். 'தேர்வாகிவிட்டாள்' என்ற செய்தி உடனே வரும். பிறகு தாயை ஓர் உரையாடல் குழுவில் சேர்ப்பார்கள். அதில் ஏற்கெனவே பல 'தாய்மார்கள்' இருப்பார்கள். அடுத்து 'பணி' தொடங்கும். நிறுவனத்தின் பொருளை வாங்குவது போல ஒரு தொகையை வங்கிக் கணக்கில் செலுத்தினால், அது நிறுவனத்தின் விற்பனைக்கு உதவுமாம். பணமும் கமிஷனும் திரும்ப வருமாம். முதல்முறை சொன்னபடி வந்துவிடும். குழுவிலுள்ள மற்றவர்களும் 'எனக்கும் வந்துவிட்டது' என்று வாழ்த்துவார்கள். அந்தத் தாய்மார்களில் பலர் மோசடிக் கும்பலின் ஆட்களே. தொகை படிப்படியாக ஏறும். பெரிய தொகை போனபின் கதவு மூடிக்கொள்ளும்.

வடிவம்தான் புதிது, தூண்டில் பழையதே. பிள்ளைக்கு வேலை என்று அழைத்தவர் பெற்றோரிடம் பணம் கேட்டார். திசை மாறிய அந்த இடத்திலேயே நின்றிருந்தால் ஒரு காசும் போயிருக்காது. பிள்ளையின் படம் மட்டும் யாரோ ஒருவரின் கையில் இருந்திருக்கும். அதுவும் சிறிய இழப்பல்ல.

எல்லாரும் மோசக்காரர்களா?

இல்லை. பரத நாட்டியம் சொல்லித் தரும் ஆசிரியை கட்டணம் வாங்குகிறார். கர்நாடக இசை வகுப்புக்கும் நாடகப் பயிற்சிக்கும் கட்டணம் உண்டு. அது நேர்மையான ஊதியம். அவர்கள் விற்பது பாடம். பிள்ளை பெற்றுச் செல்வதும் பாடம். 'என்னிடம் மூன்று மாதம் பயின்றால் படத்தில் வாய்ப்பு உறுதி' என்று எந்த நல்ல குருவும் சொல்வதில்லை. பாடத்துக்கு விலை சொல்வது தொழில். வாய்ப்புக்கு விலை சொல்வதுதான் மோசடியின் வாசல். இவ்விரண்டையும் கலந்து விற்கும் இடத்தில் பெற்றோர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: 'வாய்ப்பே வராவிட்டாலும், இந்தப் பாடத்துக்காக மட்டும் இவ்வளவு பணம் கொடுப்போமா?' பதில் 'இல்லை' என்றால் எழுந்து வந்துவிடலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

முதலாவது, பணப்பேச்சு நடக்கும் அறையில் பிள்ளை இருக்கக்கூடாது. முதல் சந்திப்புக்குப் பெற்றோர் மட்டும் போகலாம். 'பிள்ளை இல்லாமல் பேச முடியாது' என்று அவர்கள் சொன்னால், அதுவே போதுமான பதில்.

இரண்டாவது, அன்றே கையெழுத்திடக்கூடாது. ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படிக்க வேண்டும். இன்று நல்ல வாய்ப்பாக இருப்பது வரும் புதன்கிழமையும் நல்ல வாய்ப்பாகவே இருக்கும்.

மூன்றாவது, அண்மையில் எந்தப் பிள்ளைக்கு எந்த விளம்பரத்தில் வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். பிறகு அந்த விளம்பர நிறுவனத்தின் எண்ணைத் தாங்களே தேடி எடுத்து விசாரிக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் எண்ணில் விசாரிப்பது விசாரணையாகாது.

நான்காவது, நிறுவனப் பதிவைச் சரிபார்க்க வேண்டும். மலேசியாவில் நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்., சிங்கப்பூரில் அக்ரா. ஆனால் பதிவு இருப்பதாலேயே நாணயம் இருப்பதாக எண்ணிவிடக்கூடாது. மலேசியாவில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். 1966-ஆம் ஆண்டு பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டத்தின்படி, பொதுக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்த உரிமம் தேவை. 'அந்த உரிமத்தை யார் எடுப்பார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகத் தொழில் செய்பவரிடம் பதில் தயாராக இருக்கும்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மூடி மறைப்பதுதான் ஏமாற்றுபவருக்குப் பெரிய பாதுகாப்பு. ரசீது, ஒப்பந்தம், குறுஞ்செய்தி எதையும் அழிக்கக்கூடாது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். அங்கே இரண்டாண்டு அவகாசம். இணைய மோசடியில் வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக்கூடாது. உடனே வங்கியை அழைக்க வேண்டும். மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 என்ற எண்களில் உதவி கிடைக்கும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

கடைசியாக, அந்த அலுவலகத்தில் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிக்கு வருவோம்.

பணத்தைக் கட்டிவிட்டால் அவளுக்கு என்ன ஆகும்? முதல் மாதம் தினமும் கேட்பாள்: 'எப்போது கூப்பிடுவார்கள்?' இரண்டாம் மாதம் எப்போதாவது கேட்பாள். மூன்றாம் மாதம் கேட்கமாட்டாள். ஏமாற்றியது அந்த நிறுவனம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. 'நான் நன்றாக இல்லை போலிருக்கிறது' என்று முடிவு செய்துகொள்வாள். கட்டிய பணத்தை நடுவர் மன்றத்தில் கேட்டு வாங்கலாம். அந்த முடிவை அவள் மனத்திலிருந்து எடுப்பதற்கு எந்த மன்றமும் இல்லை.

பணம் கட்டாமல் எழுந்து வந்துவிட்டால், காரில் ஏறியதும் அழுவாள். அழட்டும். 'நீ நன்றாகப் பாடினாய். உன்னைப் பாட வைக்க விரும்புகிறவர்கள் அப்பாவிடம் காசு கேட்கமாட்டார்கள். அவர்கள்தான் உனக்குத் தருவார்கள்' என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

அடுத்த மாதம் பள்ளியில் பரிசளிப்பு விழா வரும். கோயிலில் நவராத்திரி வரும். அங்கே மேடை இருக்கிறது, கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், பதிவுக் கட்டணம் இல்லை. அவள் பாடி முடித்ததும் கை தட்டுகிறவர்கள் பாட்டுக்காகவே தட்டுவார்கள்.